தண்ணி லாரியும் விண்கலமும்

காலை ஆறரை மணிக்கு வாட்ஸாப் குழுவில் முதல் செய்தி விழுகிறது. "எங்க ஏரியாவுக்குத் தண்ணி விட்டாச்சா? யாருக்காச்சும் தெரியுமா?" கேட்பவர் நாகல்நகர்க்காரர். "நேத்து ராத்திரியே விட்டாங்கண்ணே, நீங்க தூங்கிட்டீங்க" என்று பழனி ரோட்டிலிருந்து பதில். ஒட்டன்சத்திரத்தில் இருப்பவர் தக்காளி என்ன விலைக்குப் போகிறது என்று சொல்கிறார். சின்னாளபட்டியில் கரண்ட் போய்விட்டது. யாரோ ஒருவரின் மகனுக்குக் காய்ச்சல், எந்த டாக்டரிடம் காட்டலாம் என்று ஆளுக்கொரு யோசனை. எட்டு மணிவாக்கில் அதே குழுவில் ஒரு பி.டி.எஃப். வந்து இறங்குகிறது. அறிவியல் புனைகதை. ஆண்டு கி.பி. 2187. கேப்டன் ஆர்யன் செவ்வாயின் குவிமாட நகரத்தில் கண்விழிக்கிறான். அவன் காபி குடிக்கிறான். அந்தக் காபிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கதையில் ஒரு வரி கூட இல்லை.

திண்டுக்கல் வட்டாரத்தில் இப்படி நான் எட்டிப்பார்க்கும் குழுக்களில் எல்லாருமே அமெச்சூர்கள்தான். பள்ளி ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், நூல்மில் சூப்பர்வைசர், பாலிடெக்னிக் மாணவர், மின்வாரிய லைன்மேன், வீட்டிலிருக்கும் அம்மாக்கள். பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அடுத்தவர் வீட்டு மாடு கன்று போட்டது வரை தெரியும். நாள் முழுக்க ஊர்க்கதை பேசும் இவர்கள், கதை என்று எழுத உட்கார்ந்ததும் ஏன் ஊரைவிட்டு ஓடுகிறார்கள் என்பது எனக்கு வெகுநாளாக உள்ள கேள்வி. இந்தக் குழுக்களின் நல்ல அறிவியல் புனைகதை, கதை என்று பெயர் போட்டு வரும் கோப்புகளில் இருப்பதைவிட அரட்டையில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கட்சி.

முகம் தெரியாத நண்பர்கள் கூடிக் கதை எழுதுவது இணையத்தோடு பிறந்த பழக்கம் என்று நினைத்தால் தவறு. 1926 ஏப்ரலில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் நியூயார்க்கில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கினார். அதன் வாசகர் கடிதப் பகுதியில் கடிதம் எழுதியவரின் முழு முகவரியும் அச்சானது. ஆசிரியருக்கு எழுதியவர்கள் பிறகு ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். கிளப்புகள் பிறந்தன, 1930-இல் 'தி காமெட்' என்ற கையச்சுப் பத்திரிகை வந்தது. ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு பள்ளிப் பையன்கள் கிளீவ்லாந்தில் இப்படித்தான் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். 1933-இல் அதில் வந்த ஒரு கதையின் தலைப்பில் முதன்முதலாக சூப்பர்மேன் தலைகாட்டினான், அதுவும் வில்லனாக.

நம் குழுக்களுக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் 1937-இல் டொனால்ட் வோல்ஹைம் முன்னின்று தொடங்கிய அமெச்சூர் பதிப்பாளர் சங்கம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் பக்கங்களைத் தானே அச்சடித்து, எல்லாருக்கும் போதுமான படிகளை ஒரு பொறுப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் மொத்தத்தையும் கட்டாகக் கட்டி எல்லாருக்கும் தபாலில் சேர்ப்பார். அறிவியல் புனைகதை ரசிகர்களின் சங்கம்தான் என்றாலும், பக்கங்களை நிரப்பியதில் பெரும்பங்கு வீட்டுக் கதைதான். வேலை போனது, பூனை குட்டி போட்டது, போன கட்டில் நீ எழுதியதற்கு என் பதில் இது. வாட்ஸாப்பின் வேலையைத் தபால்காரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம். 1979-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைப் பணத்தில் ஓடிய ஆர்ப்பாநெட்டில் பெரிதாக வளர்ந்த முதல் மின்னஞ்சல் குழுக்களில் ஒன்றும் அறிவியல் புனைகதை ரசிகர்களுடையது. ராணுவப் பணத்தில் போட்ட ரோட்டில் முதலில் ஓடிய வண்டிகளில் ஒன்று கதை பேசுகிறவர்களுடையது.

திண்டுக்கல் மாவட்டத்துக்கு இந்த வகையில் சொந்தமாகவே ஒரு முன்கதை உண்டு. வத்தலக்குண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜமய்யர், 'மணிக்கொடி'யைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி.எஸ். ராமையா, 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா, மூவரையும் தந்த ஊர். செல்லப்பா பிறந்தது சின்னமனூர் என்றாலும் வளர்ந்தது வத்தலக்குண்டில். 1959 முதல் 1970 வரை வந்த 'எழுத்து'வைச் சுற்றி இருந்தவர்கள் கல்லூரி ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும். அவர்களைச் சேர்த்துக் கட்டியது கடிதமும் தபால்தலையும்தான். புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் செல்லப்பா. அந்தப் பத்திரிகையின் உயிர் விமர்சனம். நண்பர் எழுதினார் என்பதற்காக அங்கே எதுவும் தேறிவிடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தமிழ் இணையத்துக்கு வந்தது 1990-களின் நடுவில். 1995-இல் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடலாடற்குழுவில் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, ஐரோப்பா, சென்னை என்று சிதறிக் கிடந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். எழுத்துரு தெரியாமல் கட்டம் கட்டமாக வரும் மடலைப் பார்த்துத் தலையைச் சொறிந்த காலம் அது. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் அந்த அரட்டையிலிருந்து விளைந்ததுதான். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வலையேற்ற, முகம் பாராத நண்பர்கள் ஆளுக்கொரு நூலாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிறகு யாகூ குழுக்கள் வந்தன. ராயர் காபி கிளப், மரத்தடி என்று அவற்றில் காலையில் வெண்பா, மதியம் அலுவலகப் புலம்பல், இரவில் சிறுகதை.

2000-களின் நடுவில் 'திண்ணை' இணைய இதழும் மரத்தடி குழுவும் சேர்ந்து ஓர் அறிவியல் புனைகதைப் போட்டி நடத்தின. நடுவர் சுஜாதா. தேர்ந்த கதைகள் 'எதிர்காலம் என்று ஒன்று' என்ற தலைப்பில் புத்தகமாகின. தமிழ் அமெச்சூர் அறிவியல் புனைகதைக்கு ஒரு பிறந்தநாள் குறிக்கச் சொன்னால் நான் இந்தப் போட்டியைத்தான் குறிப்பேன். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெயமோகனின் 'விசும்பு' கதைகள் வந்தன. சித்த மருத்துவமும் நம் மரபறிவும் அறிவியல் புனைகதைக்குக் கச்சாப்பொருளாகலாம் என்று அவை காட்டின. 2018-இல் சிங்கப்பூரிலிருந்து நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய 'அரூ' கனவுருப் புனைவுக்கென்றே நடக்கும் இணைய இதழ். அதன் அறிவியல் சிறுகதைப் போட்டிக்குப் பல ஊர்களிலிருந்தும் கதைகள் போயின.

போட்டி என்றதும் இந்தியாவின் மற்ற மொழிகளையும் பார்க்கத் தோன்றுகிறது. ஜகதீஷ் சந்திர போஸ் 1896-இல் வங்காளத்தில் எழுதிய புயல் கதை, குந்தலீன் என்ற கூந்தல் எண்ணெய்க் கம்பெனி நடத்திய போட்டிக்கானது. கதையில் எண்ணெய் வர வேண்டும் என்பது நிபந்தனை. போஸ் ஒரு புட்டி எண்ணெயைக் கடலில் ஊற்றிப் புயலையே அடக்கிவிட்டார், பரிசும் வாங்கினார். மராத்தியில் 1974-இல் மராத்தி விஞ்ஞான பரிஷத் நடத்திய போட்டிக்கு, பேர்பெற்ற வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் தன் முதலெழுத்துகளைத் தலைகீழாகப் போட்டு நாராயண் விநாயக் ஜகதாப் என்ற பெயரில் கருந்துளைக் கதையை அனுப்பினார். முதல் பரிசு. தன் பெயருக்காகப் பரிசு தந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. வங்காளத்தில் 2016 முதல் வரும் 'கல்பவிஸ்வ' இணைய இதழும் இணையத்தில் சேர்ந்த நண்பர்களின் வேலை. தமிழ் தனியாக எதுவும் செய்துவிடவில்லை, பின்தங்கியும் விடவில்லை.

ஆனால் கதை நடக்கும் இடம்தான் சிக்கல்.

எழுதுகிறவர்கள் ஊரைவிட்டு ஓடுவதற்கு முதல் காரணம் சுஜாதா. குறையாகச் சொல்லவில்லை. 'என் இனிய இயந்திரா' படிக்காமல் இந்தப் பக்கம் வந்தவர் அரிது. கி.பி. 2021-ஐ எதிர்காலமாக வைத்து, நிலா, ஜீவா, ஜீனோ என்ற நாய்க்குட்டி இயந்திரம் என்று அவர் கட்டிய உலகம் ஒரு தலைமுறையின் மண்டைக்குள் குடியேறிவிட்டது. எதிர்காலம் என்றால் நகரம், கண்ணாடி, சுருக்கமான பெயர்கள், நக்கல் பேசும் இயந்திரம். நிஜமான 2021 வந்தபோது நாமெல்லாம் முகக்கவசத்தோடு தடுப்பூசிக்கு வரிசையில் நின்றோம். சுஜாதாவின் கதை ஓடியது அவர் வாக்கியத்தின் வேகத்தால். பின்னால் வந்தவர்கள் வேகத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது காரணம் கூச்சம். "திண்டுக்கல்லுல நடக்குற கதையில என்ன சயின்ஸ் இருக்கப் போகுது?" என்று ஒருவர் குழுவிலேயே கேட்டார். பிரியாணி, பூட்டு, சுருட்டு என்று நம் ஊரை மற்றவர்கள் மூன்று சொல்லில் முடிப்பது போதாதென்று நாமும் அப்படியே முடித்துக்கொள்கிறோம். சீனத்தின் லியு சிசின் பெய்ஜிங்கில் உட்கார்ந்து எழுதியவர் அல்ல. ஷான்சி மாகாணத்தில் நியாங்சிகுவான் என்ற ஊரின் அனல்மின் நிலையத்தில் கம்ப்யூட்டர் எஞ்சினியராக வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 2006-இல் தொடராக வந்த அவர் நாவலுக்கு 2015-இல் ஹ்யூகோ விருது கிடைத்தது. அந்த வரிசையின் கடைசிப் பாகம் வெளியான கையோடு, பாவ்ஷு என்ற ரசிகர் தன் சொந்தத் தொடர்ச்சியை இணையத்தில் எழுதிப் போட, அதையும் பதிப்பகத்தார் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள்.

திண்டுக்கல்லில் சயின்ஸ் இல்லை என்றவருக்கு நான் சொல்ல விரும்பும் முதல் பெயர் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. சுற்றுலாப் போகிறவர்கள் வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அது ஏன் அங்கே வந்தது என்ற கதை வெகு சிலருக்கே தெரியும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் தெரியும் புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அன்றைய ஆட்சியாளர்கள் யோசித்தார்கள். பஞ்சத்தை ஆராய்ந்த குழு, சூரியனை ஆராய்ந்தால் மழையைப் பற்றித் தெரியலாம் என்று கருதியது. அந்த நூல் பிடித்து வந்து 1899-இல் பழனி மலைமேல் நின்றது ஆய்வகம். 1909-இல் ஜான் எவர்ஷெட் அங்கே, சூரியப் புள்ளிகளுக்குள் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். உலகப் பாடப்புத்தகங்களில் அதற்கு அவர் பெயர். நூறாண்டுக்கு மேற்பட்ட சூரியப் படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன.

அதாவது, தண்ணீர் வருமா என்ற கவலைதான் இந்த மாவட்டத்தில் வானத்தை நோக்கி ஒரு தொலைநோக்கியைத் திருப்பியது. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் இன்று எத்தனை அடி என்று குழுவில் கேட்கிறவரின் கவலையும் அதுவே. இந்த ஒரு கண்ணியைப் பிடித்து எழுதினால் கேப்டன் ஆர்யனுக்குச் செவ்வாயில் வேலையே இல்லை.

இன்னொன்று வாழை. சிறுமலையிலும் பழனி மலைச் சரிவுகளிலும் விளையும் மலைவாழையில் ஒருவகை விருப்பாட்சி. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போனது. 1970-களில் முடிக்கொத்து நோய் அந்த மலைத்தோட்டங்களைச் சூறையாடியது. அசுவினி என்ற சின்னப் பூச்சி சுமந்து வரும் வைரஸ். இலைகள் குட்டையாகி, நிமிர்ந்து, குடுமி கட்டியது போல நெருங்கி நிற்கும், மரம் குலை தள்ளாது. வாழை கன்று வழியாகப் பெருகும் பயிர். அதனால் தாயிடம் இருக்கும் வைரஸ் கன்றுக்கும் போகும், ஒருவர் தோட்டத்திலிருந்து அடுத்தவருக்குப் பாசமாகக் கொடுத்த கன்றிலேயே நோயும் ஏறிப்போகும். பிறகு வேளாண் விஞ்ஞானிகள் வைரஸ் இல்லாத திசுவைத் தேர்ந்து கண்ணாடிக் குடுவைக்குள் திசு வளர்ப்பு முறையில் செடிகளை உண்டாக்கி மலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு மலை தன் பழத்தை இழக்கிறது, குடுவைக்குள் வளர்ந்த அதன் நகல்கள் மறுபடி மலையேறுகின்றன. இது கதை இல்லையென்றால் வேறென்ன கதை? நத்தம் பக்கத்து நண்பர் ஒருவர் தன் தாத்தா வாழை நட்ட கதையை நாலு வாய்ஸ் மெசேஜில் குழுவில் சொன்னார். எல்லாரும் கேட்டுவிட்டு "சூப்பர்" போட்டார்கள். அவர் அதே வாரம் போட்டிக்கு அனுப்பியது ஆண்ட்ராய்டு காதலியைப் பற்றிய கதை.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டைப் பற்றியும் சொல்லலாம். கையால் ராவி, ஒவ்வொரு லீவரையும் அந்தந்தச் சாவிக்கென்றே பொருத்தும் மாங்காய்ப் பூட்டுக்காரர்களின் கணக்கு, கடவுச்சொல்லைப் பற்றிக் கதை எழுதும் எவருக்கும் பாடம். கள்ளச்சாவி போட்டால் சாவியையே விடாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு என்று ஊரில் கதைகள் உண்டு. அலிகார் பூட்டும் மெஷின் பூட்டும் வந்து தொழில் சுருங்கிப்போன பட்டறையில், கடைசியாக வேலை தெரிந்த கிழவரிடம் ஒரு ரோபோ தொழில் பழக வருகிறது என்று யாராவது எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன். பேகம்பூர்ப் பக்கத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவில் உப்பேறிய கிணறுகள், கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை மண்ணில் விட்டுப்போன பாதரசம் என்று பட்டியல் நீளும். அவ்வளவையும் சொல்லிக்கொண்டிருந்தால் ஊர்ப் பெருமை பேசுவது போலாகிவிடும், இவற்றில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

இனி விமர்சனத்துக்கு வருவோம். குழுவில் கதை விழுந்த அரை மணிக்குள் வரும் பதில்களைப் படித்தால் எல்லாக் கதையும் உலகத் தரம். "அருமை தோழர்." "செம ண்ணா." "கிளைமேக்ஸ் எதிர்பார்க்கவே இல்ல அக்கா." பாதிப் பேர் கோப்பைத் திறந்திருக்க மாட்டார்கள். இதைப் போலித்தனம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. போன மாதம் "அருமை" போட்டவரின் அப்பா ஜி.ஹெச்.சில் இருந்தபோது இரவு ரத்தம் தேடி அலைந்தது அந்தக் கதை எழுதிய அண்ணன்தான். அவரிடம் போய், "அண்ணே, மூணாவது பக்கத்துல கதை செத்துருச்சு" என்று எப்படிச் சொல்வது? நட்பு முதலில் வந்து கதை பிறகு வருவதால் உள்ள சங்கடம் இது. கதைக்காகச் சேர்ந்த பழைய குழுக்களில் சண்டை நிறைய வந்தது, ஆனால் கதையும் திருந்தியது. உறவாகிவிட்ட குழுவில் சண்டை குறைவு, திருத்தமும் குறைவு.

இங்கேதான் 'எழுத்து' நினைவுக்கு வருகிறது. செல்லப்பா கறாரானவர், அதற்காகவே பலரைப் பகைத்துக்கொண்டவர். அந்தக் கறாரை வாட்ஸாப்பில் கொண்டுவந்தால் "லெஃப்ட்" என்று வரிசையாக ஆட்கள் வெளியேறுவார்கள். இடைவழி ஒன்று உண்டு என்று எனக்குக் காட்டியவர் எழுத்தாளர் அல்ல, லைன்மேன்.

ஒரு கதையில் வேற்றுக்கிரகக் கப்பல் வேடசந்தூர் பக்கம் தாழப் பறக்கிறது. உடனே ஊர் டிரான்ஸ்பார்மர் வெடித்துச் சிதறுகிறது, நெருப்பு மழை. எல்லாரும் கை தட்டியாகிவிட்டது. இரவு பத்து மணிக்கு லைன்மேன் எழுதினார்: "தம்பி, கதை நல்லா இருக்கு. ஆனா டிரான்ஸ்பார்மர் அப்படி வெடிக்காது. மொதல்ல ஹெச்.ஜி. ஃபியூஸ் போகும். பட்டுனு ஒரு சத்தம், அப்புறம் ஊரே இருட்டு. நாங்க ஃபியூஸ் கட்டப் போவோம். திரும்பத் திரும்பப் போயிட்டே இருந்துச்சுன்னா அப்பத்தான் எங்களுக்கே பயம் வரும்." இந்த நாலு வரியில் கதையை விட நல்ல கதை இருந்தது. கட்டக் கட்ட ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது, காரணம் தெரியாமல் ஒரு மனிதன் கம்பத்தடியில் நின்று மேலே பார்க்கிறான். எழுதிய தம்பி அப்படியே மாற்றி எழுதினார். லைன்மேன் நடையைக் குறை சொல்லவில்லை, பாத்திரப் படைப்பைத் தொடவில்லை, தன் தொழிலில் தெரிந்ததைச் சொன்னார். யாருக்கும் மனம் நோகவில்லை.

ஆண்டி வியர் 'தி மார்ஷியன்' நாவலை 2009 முதல் அத்தியாயம் அத்தியாயமாகத் தன் இணையதளத்தில் போட்டபோது நடந்ததும் இதுவே. வேதியியல் தெரிந்தவர்களும் எஞ்சினியர்களும் கணக்குப் பிழைகளை எழுதிச் சொன்னார்கள், அவர் திருத்தினார். 2011-இல் கிண்டிலில் 99 சென்ட்டுக்கு விற்றார், 2015-இல் படமே வந்துவிட்டது. நம் குழுக்களில் நர்ஸ் இருக்கிறார், மில் ஓட்டுகிறவர் இருக்கிறார், போர்வெல் போடுகிறவர் இருக்கிறார். கதை எப்படி என்று கேட்டால் அவர்கள் மரியாதைக்கு "அருமை" என்பார்கள். "நூத்தி அம்பது வருஷம் கழிச்சு நம்ம ஊர்ல போர் போட்டா எத்தனை அடியில என்ன வரும்?" என்று கேட்டுப் பாருங்கள், விடிய விடியப் பேசுவார்கள்.

தளங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2014-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி வந்த பிறகு தமிழில் எழுதுகிறவர்களின் எண்ணிக்கை ஊதிப் பெருகிவிட்டது. அதில் பெண்களே மிகுதி, தொடர்கதையே ராஜா. "அடுத்த பகுதி எப்போ?" என்ற கேள்விதான் அங்கே கிடைக்கும் பெரிய விருது. காதலும் குடும்பமும் ஓடுகிற அளவுக்கு அறிவியல் கதை ஓடுவதில்லை. ஆகவே அதை எழுதுகிறவர் பத்து நண்பர்கள் உள்ள சிறு குழுவுக்கே திரும்பி வருகிறார். அடுப்பங்கரை வேலை முடிந்து இரவு பதினொன்றுக்கு மேல் எழுதும் ஒருவர், கதையில் விண்வெளி நிலையத்தின் சமையலறையை மட்டும் அவ்வளவு நுணுக்கமாக எழுதியிருந்தார். எடையற்ற இடத்தில் கடுகு தாளித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்து எந்த ஆண் எழுத்தாளரும் யோசித்ததில்லை.

எழுதும் முறையும் மாறிவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. 2017 ஆகஸ்டில் கூகுள் குரல் தட்டச்சில் தமிழும் சேர்ந்தது. இப்போது பலர் எழுதுவதில்லை, பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனில் சொல்கிறார்கள். நம் பக்கத்துப் பேச்சை அது எப்போதும் சரியாகப் பிடிப்பதில்லை. விண்கலம் வெண்கலமாகிவிட, ஒரு கதாநாயகன் கடைசி வரை வெண்கலத்தில் ஏறியே நிலாவுக்குப் போனான். ஆனாலும் சொல்லி எழுதிய கதைகளில் உரையாடல் உயிரோடு இருப்பதைக் கவனித்திருக்கிறேன். தட்டி எழுதினால் "நான் செல்கிறேன்" என்பவர், சொல்லி எழுதும்போது "நா கெளம்புறேன்" என்கிறார்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இன்னொரு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவின் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' இதழ் இயந்திரம் எழுதிய கதைகள் வந்து குவிந்ததால் 2023 பிப்ரவரியில் கதைகள் வாங்குவதையே சிலகாலம் நிறுத்தி வைத்தது. நம் குழுக்களிலும் திடீரென்று பிழையில்லாத, மணிமணியான பத்திகள் வருகின்றன. பெரிய இதழுக்கு அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. தினம் பேசிப் பழகியவர்களுக்கு அவ்வளவு சிரமமில்லை, "இது நீங்க எழுதுனது இல்லையேண்ணே" என்று யாராவது சிரித்துக்கொண்டே கேட்டுவிடுகிறார்கள்.

இதைவிட எனக்குக் கவலை இழப்பைப் பற்றியது. யாகூ தன் குழுக்களில் சேர்ந்திருந்தவற்றை 2019 டிசம்பரில் நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பர் 15-இல் சேவையையே மூடியது. தமிழ் மடலாடற்குழுக்களின் பல்லாண்டுப் பேச்சில் யாராவது முன்கூட்டி எடுத்து வைத்ததுதான் மிச்சம். வாட்ஸாப் நிலைமை இதைவிட மோசம். போன் தண்ணீரில் விழுந்தால் போச்சு. அச்சேறிய கதைகளையாவது நூலகத்தில் தேடலாம். அவற்றைச் சூழ்ந்திருந்த அரட்டையை, அந்த லைன்மேனின் நாலு வரியை, எங்கே தேடுவது? 2013 முதல் இலவச மின்னூல்களை வெளியிட்டு வரும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற முயற்சிகள் கதைகளை வாங்கிக்கொள்ளும். குழுவுக்கு ஒருவர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து தொகுத்துக் கொடுக்க வேண்டும். அந்த ஒருவர்தான் கிடைப்பதில்லை.

போட்டி நடத்துகிறவர்களும் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் நல்லது. "வேறெங்கும் வெளிவராத கதையாக இருக்க வேண்டும்" என்று விதி போடுகிறார்கள். நூறு பேர் உள்ள வாட்ஸாப் குழுவில் போட்டால் அது வெளிவந்த கதையா, இல்லையா? பயத்தில் சிலர் குழுவுக்கு அனுப்புவதையே விட்டுவிட்டார்கள். இன்னும் சிலர் கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் உருவிவிட்டு மீதியை அனுப்பி, கருத்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். முடிவு தெரியாத கதையில் எந்த ஃபியூஸ் போனது என்று லைன்மேன் எப்படிச் சொல்வார்?